கேளா ஒலியும் கேளாச் செவியும்

எம் கல்லூரியின் யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என மலராசிரியர் விடுத்த மடல் கிடைத்தபொழுது, எதனை எழுதுவது என்று பல நாள் எண்ணினோம். விடுதிச் சாப்பாட்டையும் கிரிக்கெற் போட்டிகளையும் பற்றி எம்மினும் நன்கு எழுத வல்லார் பலர் உளர். வைத்தியத் தொழிலில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழன்ற யாம், அத்தொழிலிற் கற்ற பாடம் ஒன்றையே எழுதுதல் முறையெனத் துணிந்தோம். அது எம் வெற்றியைப் பற்றியதன்று; எம் தவறு ஒன்றைப் பற்றியது. அத்தவற்றை எமக்குக் காட்டியது ஓர் ஒலி. அதுவும் எவர் செவிக்கும் கேளாத ஒலி.

ஒலியைக் கொண்டு காணாததை அறியலாம் என்பதை யாம் முதன்முதல் அறிந்தது இக்கல்லூரி மைதானத்திலேயாம். அக்காலத்தில் எமக்குப் பௌதிகம் கற்பித்த ஆசிரியர், கரும்பலகையோடு அமைபவரல்லர். ஒருநாட் பிற்பகல் எம்மையெல்லாம் மைதானத்துக்கு அழைத்துச் சென்று, பிரார்த்தனை மண்டபத்துச் சுவருக்கு எதிரே நிறுத்தி, இரண்டு மரக்கட்டைகளை ஒன்றோடொன்று அறையச் செய்தார். அறைந்த ஓசை சுவரிற் பட்டு மீண்டது. ஒலி காற்றிற் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வது. 85 மீற்றர் தூரத்தில் நின்றால், போய் மீள அரைச் செக்கன் எடுக்கும். ஆகவே, எதிரொலி மீளும் நேரத்தை அறிந்தால் சுவரைத் தொடாமலே அதன் தூரத்தைக் கணக்கிடலாம். கேட்கத் தெரிந்தவனுக்குச் சுவரும் விடை சொல்லும் என்று அவர் கூறியது இன்றும் எம் நினைவில் நிற்கின்றது. அன்று அதனை எதிரொலிக்கு மாத்திரம் உரிய வார்த்தையாகவே கொண்டோம்.

நிற்க. எமக்கு ஒரு தமக்கையார் உளர். எம்மினும் நான்கு வயது மூத்தவர். தந்தையார் காலமானபின் தம் படிப்பை நிறுத்திவிட்டு, எம்மைப் படிக்கவைத்தவர். ஊர்க் கோயிலிற் பூசை முடிவிற் பஞ்சபுராணம் பாடும் பேறு அவருக்கு வாய்த்திருந்தது. வீதியாற் செல்வோரும் அவர் குரல் கேட்டு ஒரு கணம் நின்று செல்வர்.

2000ஆம் ஆண்டளவில், அவருக்கு ஐம்பது வயது நெருங்குங் காலத்தில், ஒரு தண்ணீர்ச் செம்பு அவர் கையை விட்டு அகலாததாயிற்று. அடுக்களையிலும் செம்பு, படுக்கையருகிலும் செம்பு, கோயிலுக்குப் போகும்போதும் ஒரு போத்தலில் தண்ணீர். புட்டும் பாணும் அவருக்குப் பகையாயின. சோற்றையுங் குழம்பில் மிதக்கவிட்டே உண்பார். இரவில் மூன்று நான்கு முறை எழுந்து நாவை நனைப்பார். பற்கள் முரசோரத்திற் சொத்தையாகி ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. தேவாரமுந் திருவாசகமும் பாடித் திருவிசைப்பாவை எட்டுமுன் நா அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு திருவிழாவில் அவ்வாறு பாட்டு இடையில் அற்று நின்றபின், அவர் பாடுவதையே விட்டுவிட்டார்.

யாம் விடுமுறையில் ஊர் செல்லுந்தோறும், "தம்பி, வாய் ஒட்டுது, சோறு இறங்குதில்லை. கண்ணுக்குள்ளை மண் கொட்டினமாதிரிக் கிடக்கு" என்பார். யாமோ, "வயது போகுது அக்கா, தண்ணியைக் குடியுங்கோ. கனக்க யோசியாதையுங்கோ" என்று சொல்லி, அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம். ஒருமுறை நீரிழிவோ என ஐயுற்று இரத்தம் பார்த்தோம். அஃதில்லை என அறிந்தவுடன் எம் கடமை முடிந்ததென மகிழ்ந்தோம். அரசாங்க வைத்தியசாலைகளில் நாள்தோறும் ஊராரின் நோய்களையெல்லாம் கேட்ட செவி, உடன்பிறந்தவரின் நோயைக் கேட்கவில்லை.

2004ஆம் ஆண்டில் எம் அன்னையார் சிவபதம் எய்தினார். பெண்கள் கூடி ஒப்பாரி சொல்லி அழ, தமக்கையார் மாத்திரம் தலைமாட்டில் உலர்ந்த கண்களோடு இருந்தார். அன்னையார் படுக்கையிற் கிடந்த ஆண்டுகளிலெல்லாம் இரவு பகலாகப் பார்த்தவர் அவரே. "கல்நெஞ்சுக்காரி, ஒரு சொட்டுக் கண்ணீர் வரேல்லைப் பார்" என்று எவரோ சொன்னது எம் காதில் விழுந்தது, அவர் காதிலும் விழுந்திருக்கும். யாம் அதனை மறுத்து ஒரு சொல்லேனுங் கூறவில்லை. உள்ளதை ஒளியாது எழுதுவதாயின், எம் மனத்திலும் அவ்வெண்ணம் ஒரு கணம் வந்து போயிற்று.

ஆண்டுகள் பல சென்றன. யாமும் இளைப்பாறினோம். 2023ஆம் ஆண்டில், எஞ்சிய பற்களுள் ஒன்றைப் பிடுங்குவதற்காகத் தமக்கையார் ஓர் இளம் பல்வைத்தியரிடஞ் சென்றார். அப்பெண் பல்லை மாத்திரம் பார்க்கவில்லை. காய்ந்த உணவை விழுங்கத் தண்ணீர் வேண்டுமா, கண்ணில் மணல் இருப்பதுபோல் தோன்றுமா, கன்னம் இடையிடையே வீங்குமா, கைவிரல் மூட்டுக்கள் நோகுமா எனக் கேட்டார். நான்குக்கும் ஆம் என்பதே விடை. உடனே எமக்கு ஒரு கடிதம் எழுதி, ஷோகிரன் நோயாக இருக்கலாம், தயவுசெய்து பரிசோதிக்க ஆவன செய்க எனக் கேட்டிருந்தார். எம் மாணவரின் மாணவராகத்தக்க வயதினர் அவர். அக்கடிதத்தை வாசித்து நாணினோம்.

அந்நோயின் பெயர் எமக்குப் புதியதன்று. பரீட்சைக்கென மனனஞ் செய்த பெயர்களுள் ஒன்று. பரீட்சை முடிந்ததும் பெட்டியிற் பூட்டிவைத்தது. இப்பொழுது அப்பெயர்க்குரியவரின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். ஹென்றிக் ஷோகிரன் 1899இற் பிறந்த சுவீடன் தேசத்துக் கண்வைத்தியர். கண்ணுலர்ந்த பெண்கள் சிலருக்கு வாயும் உலர்ந்திருத்தலையும், மூட்டுவாதமும் உடனிருத்தலையுங் கண்டு, இவை ஒரே நோயின் கிளைகள் எனக் கருதினார். அத்தகைய பெண்கள் 19 பேரை ஆராய்ந்து, அவருள் 13 பேருக்கு மூட்டுவாதம் இருந்ததைக் காட்டி, 1933இல் ஸ்ரொக்கோம் நகரில் தம் ஆய்வுரையைச் சமர்ப்பித்தார். தேர்வாளர் அதற்குப் பல்கலைக்கழக ஆசிரியப் பதவி பெறத்தக்க மதிப்பை அளிக்கவில்லை. அவரும் ஒரு மாகாண நகரத்து வைத்தியசாலைக்குச் சென்று தம் பணியைச் செய்துகொண்டிருந்தார். 1943இல் அவுஸ்திரேலியக் கண்வைத்தியர் புரூஸ் ஹமில்ரன் அந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பின்னரே உலகம் செவிசாய்த்தது. 1961இற் சுவீடன் அரசாங்கம் அவருக்குப் பேராசிரியர் என்னும் கௌரவப் பட்டம் ஈந்தது. உலர்ந்த வாயின் முறைப்பாட்டைக் கேட்டவரையும் கேட்பாரில்லாதிருந்தது அக்காலம்.

இந்நோய் யாதெனச் சுருங்கக் கூறுவாம். எம்முடலைக் காக்கும் படைவீரராகிய வெண்குழியங்கள், ஒரு சிலரிடத்திற் பகைவனையுஞ் சொந்த வீட்டாரையும் வேறுபிரித்தறியாது, உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் கண்ணீர்ச் சுரப்பிகளிலும் புகுந்து அவற்றை அழிக்கத் தொடங்கும். இவ்வகை நோய்களைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்பர். ஷோகிரன் நோயுற்றாருள் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் நடுவயதினர். வயதுபோனால் அப்படித்தான் என்று அவர்களைத் தட்டிக்கழித்தல் எளிதாவதும் அதனாலேயே.

உமிழ்நீரை அற்பமாகக் கருதுவோர் பலர். நாளொன்றுக்கு ஒரு லீற்றர் அளவில் அது சுரக்கின்றது. உணவை நனைத்து இறக்குவதும், பல்லைச் சொத்தையினின்றுங் காப்பதும், நாவிற்குச் சுவையறியுந் தன்மை தருவதும், பேச்சுக்கும் பாட்டுக்கும் நாவை வழுக்கிச் செல்லவிடுவதும் அதுவே. காதின் முன்னும் கீழும் அமைந்த காதடிச் சுரப்பி இரண்டு, தாடைக்கீழ்ச் சுரப்பி இரண்டு, நாக்கீழ்ச் சுரப்பி இரண்டு என்பன பெரியன. உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் அண்ணத்திலும் நூற்றுக்கணக்கான சிறியன உள.

இச்சுரப்பிகளின் நிலையை முன்னர் எவ்வாறு அறிந்தனர்? காதடிச் சுரப்பியின் வாயிலிற் குழாயைச் செலுத்தி, மைபோன்ற மருந்தை ஏற்றி, எக்ஸ்கதிர்ப் படம் பிடிப்பது ஒரு முறை. கதிர்வீசும் மருந்தை ஊசியால் ஏற்றிச் சுரப்பி அதனை உறிஞ்சுமாற்றைப் பார்ப்பது மற்றொன்று. கீழுதட்டின் உட்புறத்தைக் கீறி, சிறு சுரப்பிகள் சிலவற்றை எடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்குவது மூன்றாவது. அங்கே 4 சதுர மில்லிமீற்றர் பரப்பில் 50 அல்லது அதற்கு மேற்பட்ட நிணநீர்க் குழியங்கள் கூடிய குவியல் ஒன்றேனும் இருப்பின், அது நோயின் வலிய அடையாளம். இம்மூன்றாவது முறை இன்றும் சிறந்ததே. ஆயினும் கத்தி வேண்டும். உதட்டிற் சிலருக்கு மரமரப்பும் நிலைத்துவிடும்.

இனிக் கேளா ஒலிக்கு வருவோம். மனிதச் செவி செக்கனுக்கு 20,000 அதிர்வு வரையுமே கேட்கும். அதற்கு மேற்பட்டதை இந்நாட்டுப் பாடநூல்கள் கழியொலி என்னும். மீயொலி என்பாரும் உளர். கேளா ஒலி என்னும் பெயர் எமக்கு இனிக்கின்றது. இதனை உடலை ஆராயும் கருவியாக நிலைநாட்டிய பெருமையிற் பெரும்பங்கு கிளாஸ்கோ நகரத்து மகப்பேற்று வைத்தியர் இயன் டொனால்டுக்கு உரியது. 1955இல், அறுவையில் அகற்றிய கட்டிகளை மோட்டார் வண்டியில் ஏற்றிச் சென்று, கொதிகலன் செய்யும் ஆலையொன்றில், இரும்பின் உள்வெடிப்பைக் காணும் எதிரொலிக் கருவியால் அவற்றைச் சோதித்தார். 1958இல் அவரும் தோழர் இருவரும் தம் முடிபுகளை வெளியிட்டனர். அவருடைய நோயாளர்களுள் ஒரு பெண், ஆற்றமுடியாப் புற்றுநோய் எனக் கைவிடப்பட்டவர். எதிரொலியோ அது நீர் நிறைந்த சூலகக் கட்டி என்று காட்டியது. அறுவையால் அப்பெண் பிழைத்தார். பின்னர் 1992இல் இத்தாலிய வைத்தியர் சிலர் ஷோகிரன் நோயில் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் எதிரொலிப் படத்தைத் தரம் பிரித்துக் காட்டினர். 2005இற் சிலோவேனிய நாட்டார் 0 முதல் 48 வரை புள்ளியிடும் முறை வகுத்தனர். 2019இல் ஒமெராக்ற் என்னும் பன்னாட்டு வாதநோய் ஆய்வுக் குழு, ஒவ்வொரு சுரப்பிக்கும் 0 முதல் 3 வரை தரமிடும் எளிய முறையொன்றை உடன்பாட்டாற் கண்டது.

தமக்கையாரைக் கொழும்புக்கு அழைத்துவந்தோம். முதலிற் கண்ணின் கீழிமையில் ஒரு கடதாசிக் கீற்றைச் செருகி 5 நிமிடம் பார்த்தனர். 5 மில்லிமீற்றருக்கு மேல் நனையவேண்டியது, 2 மில்லிமீற்றரே நனைந்தது. பின்னர் ஒரு சிறு கிண்ணத்தைக் கொடுத்து, 15 நிமிடத்தில் வாயில் ஊறுவதையெல்லாம் அதனுட் சேர்க்கச் சொன்னார்கள். 1.5 மில்லிலீற்றருக்கு மேற்படாவிடின் அது குறைவு. தமக்கையார் தலைகுனிந்து கிண்ணத்தை ஏந்தியபடி இருந்தார். நேரம் முடிந்தபோது கிண்ணத்தின் அடியே நனைந்திருக்கவில்லை. பரீட்சையிலே தவறிய பிள்ளைபோல் எம்மை நோக்கினார். எமக்கு முகம் எடுக்க முடியவில்லை. இரத்தத்தில் றோ என்னும் பொருளுக்கெதிரான பிறபொருளெதிரியும் இருப்பதாக விடை வந்தது.

அதன்பின் எதிரொலிப் பரிசோதனை. இருளான சிற்றறையிற் கட்டிலிற் கிடத்தி, முகத்தை ஒருபுறம் திருப்பச் சொல்லி, காதடியிற் குளிர்ந்த களியைப் பூசி, கைக்கடக்கமான கருவியை அதன்மேல் வைத்தார் வைத்தியர். அக்கருவி செக்கனுக்கு ஏறக்குறைய 1 கோடி அதிர்வுள்ள ஒலியை உள்ளே விடுக்கும். மெல்லிழையங்களில் அது செக்கனுக்கு 1,540 மீற்றர் விரைந்து, இழையம் மாறும் இடந்தோறும் மீளும். மீளும் நேரத்தைக் கொண்டு ஆழமும், மீளும் வலிமையைக் கொண்டு ஒளியும் திரையிற் படமாகும். மைதானத்துச் சுவரில் யாம் செய்த அதே கணக்குத்தான். சுவருக்குப் பதில் தமக்கையாரின் கன்னம். ஊசியில்லை, கதிர்வீச்சில்லை, நோவுமில்லை.

நலமுள்ள சுரப்பி திரையில், அயலிலுள்ள தசையினும் வெளிறி, நன்கு அரித்த மாவைப் பரப்பினாற்போல் ஒருசீராய்த் தோன்றும். தமக்கையாருடையதோ செல்லரித்த ஏடுபோல் இருந்தது. வட்டமும் நீள்வட்டமுமான கருந்துளைகள் சுரப்பி முழுவதும் நிறைந்து, இடையிடையே வெண்கோடுகள் ஓடின. சிறு சீர்கேடு மாத்திரம் இருப்பின் தரம் 1. ஆங்காங்கே கருமை தோன்றின் 2. சுரப்பி முழுதும் கருமை பரவினாலோ நாராகிப் போனாலோ 3. அவருடைய காதடிச் சுரப்பிகள் இரண்டும் 3. தாடைக்கீழ்ச் சுரப்பிகள் இரண்டும் 3. அத்துணை அழிவு ஓரிரு ஆண்டில் வந்திராது என்பதை எமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை.

"இந்தக் கறுப்பெல்லாம் என்ன தம்பி?" என்று கேட்டார். உமிழ்நீர் ஊறும் இடங்கள் பழுதுபட்டமையே அது என்றும், கண்ணீர் ஊறும் சுரப்பிகளையும் இந்நோய் இவ்வாறே கெடுக்கும் என்றும் சொன்னோம். அவர் சிறிதுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் மெல்ல, "அப்ப, அம்மாவின்ரை செத்தவீட்டிலை நான் அழுதனான் தம்பி. கண்ணீர்தான் வரேல்லை" என்றார்.

எமக்கு விடை வரவில்லை. எம் கண்ணில் நீர் நிறைந்தது. அவர் கண் அப்பொழுதும் உலர்ந்தேயிருந்தது. அது அழுங்கண் என்பதை அன்றுதான் அறிந்தோம். "அக்கா, என்னை மன்னியுங்கோ" என்றோம். "அதுக்கென்ன தம்பி, இப்ப தெரிஞ்சுதுதானே" என்று சொல்லிச் செம்பைத் தேடினார்.

கருவியின் புகழைப் பாடுவோர் அதன் எல்லையையுங் கூறல் வேண்டும். எதிரொலிப் படம் மாத்திரம் நோயைத் தீர்மானிக்காது. வேறு சில நோய்களிலும் அத்தகைய கருமை தோன்றும். நோயின் தொடக்கத்திற் படம் நலமாகவே இருத்தலுங் கூடும். பார்ப்பவரின் பயிற்சியையும் பொறுத்தது அது. 2016இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் வைத்தியச் சங்கங்கள் கூடி வகுத்த வரையறையில், உதட்டுச் சுரப்பியின் சோதனைக்கு 3 புள்ளி, றோ எதிரிக்கு 3, கண்ணின் சாயச் சோதனை, கடதாசிச் சோதனை, உமிழ்நீர் அளவு ஒவ்வொன்றுக்கும் 1. கூட்டி 4 வந்தாற் போதும். எதிரொலிக்கு அங்கே புள்ளியில்லை. அதனையுஞ் சேர்ப்பின் வரையறையின் செம்மை குன்றாது எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. தமக்கையாருக்கு எதிரொலியைச் சேராமலே 5 புள்ளிகள் வந்தமையால் உதட்டைக் கீறவேண்டிய தேவை எழவில்லை. எனினும் படம் வீணன்று. இந்நோயாளருள் நூற்றுக்கு ஐவர் அளவினருக்குக் காலப்போக்கில் நிணநீர்ப் புற்றுநோய் தோன்றுவதுண்டு. கன்னத்து வீக்கம் வற்றாது நின்றால் ஐயுறவேண்டும். அப்பொழுது பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்புநோக்கவும், ஐயமான இடத்துக்கு ஊசியைச் சரியாக வழிநடத்தவும் கேளா ஒலி பெருந்துணை.

நோயை வேரோடு களையும் மருந்து தமக்கையாருக்குக் கிடைக்கவில்லை. செயற்கைக் கண்ணீரும், எஞ்சிய சுரப்பியைத் தூண்டும் பைலோகாப்பின் மாத்திரையும், பல்லுக்குப் புளோரைட்டும், மூட்டுக்கு மருந்துமாக நாட்கள் செல்கின்றன. செம்பு இன்னும் கையை விட்டு நீங்கவில்லை. ஆனால் இப்பொழுது அதனை ஒளிப்பதில்லை. சென்ற திருவெம்பாவைக் காலத்தில், இரண்டடிக்கு ஒருமுறை தண்ணீரால் நாவை நனைத்துக்கொண்டு, ஒரே ஒரு பாட்டை முடிவுவரை பாடினார் எனச் சொன்னார்கள். கேட்க யாம் அங்கிருக்கவில்லை; அது எமக்குற்ற குறையே.

இன்று கல்லூரியிற் பயிலும் இளைஞர்களுக்கு, சிறப்பாக வைத்தியராக விழைவோருக்கு, ஒரு சொல். வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். யாம் அதனைப் பரீட்சைக்குப் படித்தோம், வாழ்க்கைக்குப் படிக்கவில்லை. பிற்காலத்தில் உங்கள் கைக்கு எம்மிலுஞ் சிறந்த கருவிகள் வரும். அவை உடலின் உள்ளே எங்கும் புகுந்து விடை கொணரும். ஆயின், அக்கருவியை எந்தக் கன்னத்தில் வைப்பது என்பதை அதுவாக அறியாது. அந்த இளம் பல்வைத்தியர் நான்கு கேள்வி கேட்டு விடைக்குக் காத்திருந்தமையாலேதான் கருவி அங்கே சென்றது. அக்கேள்விகளைக் கேட்க எமக்கு இருபது ஆண்டுகள் இருந்தன, ஒரு செலவுமில்லை.

கேட்கத் தெரிந்தவனுக்குச் சுவரும் விடை சொல்லும் என்று மைதானத்தில் எம் ஆசிரியர் கூறிய வார்த்தையின் பொருளை முழுதும் அறிய எமக்கு முதுமை வரை சென்றது. உங்களுக்கு அத்துணைக் காலஞ் செல்லாதிருக்கக் கல்லூரித் தாயை வேண்டி அமைகின்றோம்.